மூன்று முறை வழுக்கிய பாத்ரூம்

"இந்த வீட்ல என்ன நடக்குதுன்னு எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து நின்றார் எதிர் குவார்ட்டர்ஸ் வளர்மதி டீச்சர். கொடியிலிருந்து எடுத்து வந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த நான் பதறி எழுந்தேன். என் மனைவி செவ்வந்தி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"கை பூரா நீலம் நீலமா ரத்தக்கட்டு. நேத்து துணி காயப்போடும்போது என் கண்ணால பாத்தேன். கேட்டா பாத்ரூம்ல வழுக்கிடுச்சாம். பத்து நாள்ல மூணு தடவையா வழுக்கும்?"

"யாரும் யாரையும் அடிக்கலீங்க டீச்சர்" என்றேன். மே மாத வெயிலுக்கு முழுக்கைச் சட்டைக்குள் வியர்த்துக் கொட்டியது.

"நீங்க சும்மா இருங்க சார். செவ்வந்தி, நீ சொல்லும்மா."

"சாமி சத்தியமா ஒரு அடி கெடையாதுங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு பத்து நாளா சொல்லிகினே இருக்கேன். இவருதான் வேணாங்கறாரு" என்று அழுதாள்.

அவள் சொன்னது நிஜம். மைன்ஸில் ராட்சத மெஷின் ஓட்டுகிற வீரன் நான். ஷிப்ட் பஸ்ஸில் எவனாவது என் சீட்டில் உட்கார்ந்துவிட்டால் நின்றுகொண்டே வீடு வந்து சேருகிற வீரனும் நான்தான். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

டீச்சர் விடவில்லை. அப்போதே ஆட்டோ பிடித்து எங்களை ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார். லேபில் ரத்தம் எடுத்தபோது நான் கண்களை இறுக்கி மூடிக்கொண்டேன்.

மாலையே ரிப்போர்ட் வந்துவிட்டது.

"பிளேட்லெட் ஒன்றரை லட்சம் இருக்கணும். ஒன்பதாயிரம்தான் இருக்கு" என்றார் டாக்டர். "டெங்கு இல்ல. ரத்தத்தை மைக்ராஸ்கோப்லயும் பாத்தாச்சு, கெட்ட வியாதி எதுவும் தெரியல. உடம்போட எதிர்ப்பு சக்தியே பிளேட்லெட்டை எதிரின்னு நெனச்சு அழிக்குது. அதான் அடிபடாமலே ரத்தம் கட்டுது. இன்னும் விட்டிருந்தா மூளையிலயே கசிஞ்சிருக்கலாம். அட்மிட் பண்ணி இன்னைக்கே மாத்திரை ஆரம்பிச்சுடலாம்."

என் கோழைத்தனத்தால் ஓர் உயிரே போயிருக்கும்.

டீச்சரின் முகம் தொங்கிவிட்டது. செவ்வந்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுடும்மா... புருஷன நீதான் போட்டு அடிக்கிறதா பிளாக் பூரா சொல்லிட்டேன்!"