இருபத்து மூன்றாவது பிள்ளை

இருபத்திரண்டு.

ராஜபுஷ்பம் மறுபடி எண்ணினாள். இருபத்திரண்டுதான்.

நான்காம் வகுப்பில் இருபத்து மூன்று பிள்ளைகள். ஆய்வுக்குழு பத்து மணிக்கு வருகிறது. இப்போது மணி ஒன்பது.

"பேச்சித்தாய்தான் வரல டீச்சர்," என்றாள் வகுப்பாசிரியை கோமு. குரலில் கவலை இல்லை. கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது.

தலைமையாசிரியை ராஜபுஷ்பத்துக்கு அந்த நிம்மதி புரிந்தது. போன வருடம் வரை அவளுக்கும் அப்படித்தான் இருந்தது.

அப்போதெல்லாம் ஆய்வு என்றால் பதிவேடுதான். அட்டை போட்ட நோட்டு, வெள்ளையடித்த சுவர், வாசலில் கோலம். அதிகாரி நாலு பக்கம் புரட்டுவார். முன்வரிசையில் ஒரு பிள்ளையை எழுப்பிப் பாட்டுக் கேட்பார். 'ஏ' என்று ஒரு எழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு அன்று மட்டும் லீவு.

இந்த வருடம் அந்த ஒற்றை எழுத்து கிடையாது. வகுப்பிலேயே வந்து உட்காருவார்கள். வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதற்கும் முன்னால், பள்ளிக்கூடம் தன்னைப் பற்றித் தானே ஒரு படிவத்தில் எழுதித் தர வேண்டும்.

அதற்காக வெள்ளிக்கிழமைதோறும் ஆசிரியைகள் ஒருவர் வகுப்பில் மற்றவர் போய் உட்கார்ந்தார்கள். முதல் வெள்ளி யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாவது வெள்ளி கோமுதான் ஆரம்பித்தாள். "உங்க வகுப்புல கடைசி வரிசைக்குக் கரும்பலகையே தெரியல டீச்சர்."

ராஜபுஷ்பத்துக்குச் சுருக்கென்றது. திங்கட்கிழமை வரிசையைத் திருப்பிப் போட்டாள்.

படிவத்தோடு மட்டும் மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள். நான்காவது நாள் எழுதினாள்: 'நான்காம் வகுப்பில் ஒரு மாணவிக்கு இன்னும் சரளமாக வாசிக்க வரவில்லை. தினமும் அரைமணி நேரம் தனியாகச் சொல்லித் தருகிறோம். முதல் வரிக்கு வந்திருக்கிறாள்.'

கோமு பதறிவிட்டாள். "நம்ம கையாலயே எழுதிக் குடுக்கணுமா டீச்சர்?"

ராஜபுஷ்பம் எழுதியதை அடிக்கவில்லை.

இப்போது ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"அவுக வந்துட்டா?"

"உக்கார வைங்க. வந்துருவேன்."

ஊர் தாண்டினால் உப்பளம். ஓலைக் கொட்டகை நிழலில், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் பேச்சித்தாய் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் கவுன். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"இன்னைக்கு ஆபீசர் வாராகளாமே டீச்சர்," என்றாள் அவள் அம்மா சண்முகக்கனி. உப்பு வாரும் பலகையைக் கீழே வைத்தாள். "அதான் பிள்ளையக் கையோட கூட்டியாந்துட்டேன்."

"எல்லாரும் வரணும்னு நேத்தே சொல்லி விட்டேனே."

"சொன்னா. அந்த எல்லாரும்ல இவ கெடையாதுன்னு நெனச்சேன்."

கோபமாகச் சொல்லவில்லை. குத்தலும் இல்லை. போன வருடம் வாசலில் நிறுத்தி, நாளைக்கு மட்டும் பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று சொன்னது ராஜபுஷ்பம்தான். சண்முகக்கனி அதை ஒழுங்காக ஞாபகம் வைத்திருந்தாள்.

உப்பில் பட்ட வெயிலில் கண் கூசியது.

"போன வருஷம் நான் சொன்னது தப்பு, கனி. இவ இல்லாம வகுப்பு நெறையாது."

 சண்முகக்கனி மகள் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, மூஞ்சியக் கழுவு. சீக்கிரம்."

சீருடை வீட்டில் கிடந்தது. வீட்டுக்குப் போக நேரம் இல்லை. மஞ்சள் கவுனோடு, காலில் ஒட்டிய உப்போடு, பேச்சித்தாய் பின்னால் ஏறிக்கொண்டாள்.

பாதி வழியில் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"நான் தப்பா வாசிச்சா உங்களை ஏசுவாகளா டீச்சர்?"

"ஏசட்டும்."

"அப்பச் சரி."

குழு முன்னதாகவே வந்துவிட்டிருந்தது. மூன்று பேர். நான்காம் வகுப்பில் பெண் அதிகாரி பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார்.

"பேச்சித்தாய்?"

வாசலில் மஞ்சள் தெரிந்தது.

"வந்துட்டா மேடம்!" இருபத்திரண்டு குரல்.

அதிகாரி படிவத்தை ஒரு தரம் பார்த்தார். புத்தகத்தை நீட்டினார்.

கோமு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

பேச்சித்தாய் விரலை வைத்தாள். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினாள். நடுவில் மூச்சு வாங்கினாள். ஐந்து சொல். முதல் வரி முடிந்தது.

"அடுத்த வரி?"

பிள்ளை நிமிர்ந்தாள்.

"அது இன்னும் படிக்கல. நாளைக்கு வாங்க, வாசிச்சுக் காட்டுதேன்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. கோமு சிரித்தாள். அதிகாரியும் சிரித்துவிட்டார். பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தார். நிறைய எழுதினார்.

ராஜபுஷ்பம் எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணி.

பூட்டிய கேட்டுக்கு முன்னால் பேச்சித்தாய் நின்றுகொண்டிருந்தாள். சீருடை. எண்ணெய் வழிய வாரிய தலை. நெஞ்சோடு அணைத்த புத்தகம்.

"அந்த மேடம் வந்தாச்சா டீச்சர்?"

குழு இனி அடுத்த வருடம்தான் வரும். 

ராஜபுஷ்பம் ஸ்கூட்டரை நிறுத்தினாள். கேட்டைத் திறக்காமல் அதன் படியிலேயே உட்கார்ந்தாள்.

"வாசி, கேப்போம்."

இரண்டாவது வரியில் ஆறு சொல். ஐந்தாவதில் தடுக்கியது. பின்னால் போய், மறுபடி வந்தாள். முடித்தாள்.

போதும் என்று சொல்ல ராஜபுஷ்பம் வாயெடுத்தாள்.

விரல் மூன்றாவது வரிக்கு இறங்கியிருந்தது.