அப்பாவின் வகுப்பில் ஒரு சாட்சி

எழுந்து நின்றுவிட்டேன். சட்டக்கல்லூரி வகுப்பே, பார்வையாளராக வந்திருந்த என்னைத் திரும்பிப் பார்த்தது. திரையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தது, இறந்துபோன என் அப்பாவின் கட்டுரைகளையும் வீடியோக்களையும் வைத்துச் செய்த ஏ.ஐ. நகல். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடும் அதே பழக்கம்.

"சின்னப் பிள்ளையோட சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்பு சொல்லக் கூடாது. என் கட்டுரையோட சாரமே அதுதான்."

"தப்புன்னு நீங்களே சொன்னீங்கப்பா! ஆஸ்பத்திரியில, எனக்குச் சாத்துக்குடி உரிச்சுக்கிட்டே. 'அதை மாத்தி எழுதணும் குட்டி'ன்னு. எழுதறதுக்குள்ள போயிட்டீங்க."

"சாருக்கே அப்ஜெக்‌ஷனா!" என்றான் பின்வரிசையில் ஒருவன்.

நகல் அப்பாவைப் போலவே சிரித்தது.

"வயசென்னம்மா?"

"பதினாலு."

"அப்போ நீ சொன்னா மட்டும் போதாதே. வேற சாட்சி?"

அன்று அந்த ஆஸ்பத்திரி அறையில் அப்பாவும் நானும்தான் இருந்தோம். நான் யாரைக் கூப்பிடுவது?