சின்ன ர

மூன்றாம் நாள் மதியத்துக்குள் ரசீதுப் புத்தகம் தீர்ந்துவிட்டது.

இத்தனை பேர் வருவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. தலைவர் இறந்த மறுநாள், அவர் கைப்பட எழுதிய கடிதம் வைத்திருப்பவர்கள் நகர மண்டபத்தில் கொண்டுவந்து கொடுக்கலாம், அருங்காட்சியகத்தில் வைப்போம், வேண்டுமானால் பிறகு திரும்பப் பெறலாம் என்று வானொலியில் ஒரு வரி சொன்னார்கள். அவ்வளவுதான், நாடே பீரோவைத் திறந்துவிட்டது.

வருவது அவர் எழுத்தா, அச்சா என்று பிரித்துப் போட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் அலுவலகத்தின் கடிதப் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் பெஞ்சு தேய்த்தவன் நான். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது.

மக்கள் எழுதுகிற கடிதங்களுக்கு அச்சட்டையில், அதாவது அச்சடித்த அட்டையில், பதில் போடுவது என் வேலை. 'தங்கள் கடிதம் கிடைத்தது. ஆவன செய்யப்படும்.' கீழே இருக்கிற அவர் கையெழுத்தும் அச்சுதான். அலுவலகத்தில் என் பெயரே 'ஆவன' ஆகிவிட்டது. டீ குடிக்கக் கூப்பிடுவதும் அந்தப் பெயரில்தான்.

மேசையில் இரண்டு பெட்டிகள். ஒன்றில் 'கைப்பட' என்று எழுதி ஒட்டியிருந்தது. இன்னொன்று அச்சட்டைகளுக்கு, அது கிடங்குக்குப் போகும். மூன்று நாளில் 'கைப்பட' பெட்டியில் ஏழே ஏழு கடிதம் சேர்ந்திருந்தது.

எல்லாரும் எந்தப் பெட்டி என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னேன். சிலர் அழுதார்கள். ஒருவர் மட்டும், "அச்சுன்னு சொல்ல நீ யாருய்யா?" என்று சண்டைக்கு வந்தார். நியாயமான கேள்விதான்.

அப்படியும் ரசீதை வாங்கியதும் எல்லாரும் நன்றி சொன்னார்கள். எனக்கல்ல. என் தலைக்கு மேலே சுவரில் தலைவர் படம் மாட்டியிருந்தது. அண்ணாந்து அதைப் பார்த்துச் சொன்னார்கள்.

அவர் போனதில் எனக்கும் துக்கம்தான். உட்கார்ந்து அழத்தான் நேரம் கிடைக்கவில்லை. இடுப்பு விட்டுப்போயிற்று.

நாலு மணிக்கு அந்த ஆசிரியை வந்தார். ஆறு மணி நேரம் வரிசையில் நின்றிருக்கிறார். வார் அறுந்த செருப்பு ஒரு கையில். இன்னொரு கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கடிதம்.

"அப்ப எனக்குப் பதினோரு வயசு, சார். அப்பா பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டு என்னை நூல் மில்லுல சேர்த்துட்டார். வீட்டுக்குத் தெரியாம தலைவருக்கு ஒரு கடுதாசி போட்டேன். அதுக்கு வந்த பதில் இது. அப்பா படிச்சுப் பார்த்து வெலவெலத்துப் போயிட்டார். மறுநாளே கூட்டிட்டுப் போய் ஸ்கூல்ல விட்டுட்டார். இன்னைக்கு நான் தமிழ் டீச்சர்."

உறையைப் பிரித்தேன்.

'நாளை முதல் பள்ளிக்குப் போ. நான் சொன்னதாக உன் அப்பாவிடம் சொல். மரக்காதே.'

கீழே தலைவர் பெயர்.

நான் கொஞ்சம் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன் போலிருக்கிறது. ஆசிரியை பயந்துவிட்டார். கடைசி வார்த்தையில் விரலை வைத்தார்.

"இங்க பாருங்க, சின்ன ர போட்டிருக்கார். ஆபீஸ் ஆளுங்க எழுதியிருந்தா இப்படித் தப்பு விடுவாங்களா? அவரேதான் சார் எழுதியிருக்கார். இவ்வளவு பெரிய மனுஷனுக்கே தப்பு வருது, உங்களுக்கு வந்தா என்னன்னு வருஷா வருஷம் பிள்ளைங்ககிட்ட காட்டுவேன்."

சொல்லிவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பத்தெட்டு வருஷம் பத்திரப்படுத்திய காகிதம். அது எந்தப் பெட்டியில் விழப்போகிறது என்பதைத் தவிர அவருக்கு அந்த நிமிஷத்தில் உலகத்தில் வேறொன்றும் இல்லை.

'கைப்பட' பெட்டியில் போட்டேன்.

ஆசிரியை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ரசீதுக்காக ஒரு வெள்ளைத்தாளைக் கிழித்துக் கையால் எழுதினேன். காலையிலிருந்து எழுதி எழுதி எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

'கடிதம் ஒன்று பெற்றுக்கொள்ளப்பட்டது. திரும்பப் பெற வரும்போது இச்சீட்டை மரக்காமல் கொண்டுவரவும்.'

அவர் அதைத் தமிழ் டீச்சர் படிப்பதுபோலத்தான் படித்தார், எழுத்தெழுத்தாக. திருத்தப் போகிறவர் மாதிரி கை தானாகப் பைக்குள் பேனாவைத் தேடிப் போயிற்று. பாதியில் நின்றது.

பெட்டிக்குள் குனிந்து கடிதத்தைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார்.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கடுதாசி வந்த அன்றைக்கு அச்சட்டை தீர்ந்துபோயிருந்தது. புதிது வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். எனக்கு இருபத்துமூன்று வயது, வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். ஒரு குழந்தையைப் பத்து நாள் மில்லில் காக்கவைக்க மனசு வரவில்லை. வெளியே தெரிந்திருந்தால் வேலை போயிருக்கும். காத்திருந்தாலும் பத்து நாள் கழித்து அட்டையில் 'ஆவன செய்யப்படும்' என்றுதான் போயிருக்கும்.

"இதை நான் திரும்ப எடுத்துக்கலாமா?" என்று கேட்டார்.

தலையாட்டினேன்.

கடிதத்தை எடுத்தார். அதோடு என் சீட்டையும் சேர்த்து வைத்து உறைக்குள் போட்டார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் நகரவில்லை.

"ரொம்ப நன்றிங்க, சார்."

படம் என் தலைக்கு மேலேதான் இருந்தது. அவர் அண்ணாந்து பார்க்கவில்லை.