இடது கை எழுத்து

"மேனேஜர் உங்களை மூணு மணிக்கு வரச் சொன்னார். கதவைச் சாத்திட்டுப் பேசணுமாம்."

ஆபீஸ் பியூன் இதைச் சொல்லிவிட்டுப் போனபோது மணி இரண்டு. பேக்கிங் சூப்பர்வைசருக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

மாட்டிக்கொண்டோம். வேறு என்னவாக இருக்க முடியும்?

எல்லாம் போன வாரம் பயிற்சி கொடுக்க வந்த அந்த அம்மாவால் வந்த வினை. சோப்புக் கம்பெனிக்கு வந்தோமா, சோப்பைப் பற்றிப் பேசினோமா என்றில்லாமல், மேலே இருப்பவர் கீழே இருப்பவரின் மனசைப் புரிந்து நடந்தால்தான் வேலையில் மனசு ஒட்டும் என்று அரை நாள் பேசினார். கடைசியில் ஆளுக்கொரு தாள். அவரவர் மேலதிகாரியைப் பற்றி மனதில் இருப்பதை எழுதிப் பெட்டியில் போட வேண்டுமாம். எழுதுகிறவர் பெயர் வேண்டாமாம்.

மற்றவர்கள் எப்படியோ, சூப்பர்வைசர் அதை நம்பித் தொலைத்தார். பதினாறு வருஷமாக மேனேஜரைப் பற்றி மனசுக்குள் கிடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார். எழுத்தை அடையாளம் கண்டுவிடக் கூடாதே என்று இடது கையால் வேறு எழுதினார்.

அன்றைக்கே மனைவி சொன்னாள். "உங்களுக்கு எதுக்குங்க இந்த வேண்டாத வேலை? கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? இந்த வயசுல வெளியில அனுப்பிட்டா எங்க போய் நிப்பீங்க?"

இப்போது அந்தக் கேள்விதான் கண்முன்னால் வந்து நின்றது. வயது ஐம்பத்திரண்டு. மூத்தவள் காலேஜில் கடைசி வருஷம், சின்னவள் இன்னும் பள்ளிக்கூடம். இந்தத் தலைநரைக்கு எவன் வேலை கொடுப்பான்?

மணி இரண்டரை. லேபிள் ஒட்டும் பெண் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"சார், நாளைக்கு ஒரு அரை நாள் மட்டும்... வீட்டுல..."

"வீட்டுக் கதையெல்லாம் இங்க எதுக்கு? போய் வேலையைப் பாரு."

அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள். இங்கே ஒருத்தன் தலைக்கு மேல் கத்தி தொங்குகிறது, இவளுக்கு அரை நாள் லீவு கேட்கிறதாக்கும் என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

மூன்று மணிக்குக் கிளம்பினார். அவர் நடந்து போன வழியெல்லாம் பேச்சு சட்டென்று நின்றது. அதற்குள் செய்தி பரவிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மேனேஜர் மேஜையில் ஒரே ஒரு தாள். தூரத்திலிருந்தே கோணல் மாணலான எழுத்து தெரிந்தது.

"உக்காருங்க."

பதினாறு வருஷத்தில் உட்காரச் சொன்னது இதுதான் முதல் தடவை. வேலையை விட்டு அனுப்பப் போகிறவர்களை மட்டும்தான் இவர் உட்கார வைப்பார் என்பது கம்பெனி முழுக்கத் தெரிந்த விஷயம்.

"இது அந்தப் பெட்டியில இருந்து வந்த தாள். இடது கையால எழுதியிருக்காங்க. அவ்வளவு பயம் பாருங்க." மேனேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "'இவர் வர்ற சத்தம் கேட்டாலே கை நடுங்குது. தப்பு நடந்தா பத்துப் பேர் முன்னால திட்டுவார், நல்லா செஞ்சா கண்ணுக்கே தெரியாது. வீட்டுல ஒரு கஷ்டம்னு வாயெடுத்தா முடிக்க விட மாட்டார்.'"

அத்தனையும் சூப்பர்வைசர் மனசில் இருந்ததுதான். இதே வார்த்தைகளில்தான் எழுதினோமா என்று ஞாபகமில்லை. அன்றைக்கிருந்த படபடப்பில் என்ன எழுதினோம் என்று யாருக்குத் தெரியும்?

"இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார் மேனேஜர்.

இனி மறைத்துப் பிரயோஜனமில்லை என்று சூப்பர்வைசருக்குத் தோன்றிவிட்டது. எழுந்து நின்றுவிட்டார்.

"மன்னிச்சிடுங்க சார். நான்தான் எழுதினேன். கோபத்துல இல்ல சார், பயத்துல. போன மாசம் எங்கப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு பாத்தேன். கேக்கலை. அதான் உங்களைப் பத்தி அப்படி எழுதிட்டேன். ரெண்டு பொண்ணுங்க இருக்கு சார், வேலையை மட்டும்..."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகம் என்னவோ போலாகிவிட்டது. தாளை இந்தப் பக்கம் திருப்பி நகர்த்தினார்.

இடது கை எழுத்துதான். ஆனால் சூப்பர்வைசருடைய இடது கை எழுத்து இல்லை. மேலே, 'யாரைப் பற்றி' என்ற கட்டத்தில் 'பேக்கிங் சூப்பர்வைசர்' என்று இருந்தது. கீழே மேனேஜர் படிக்காமல் விட்ட ஒரு வரி. 'என் பையனுக்கு ஆபரேஷன்னு சொல்லி லீவு கேக்க மூணு தடவை போனேன்.'

நாலாவது தடவை, இன்றைக்கு இரண்டரை மணிக்கு.

யாரும் சொல்லாமலே அவர் மறுபடி உட்கார்ந்தார்.

மேனேஜர் இழுப்பறையைத் திறந்து, ஒட்டியபடியே இருந்த ஒரு கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"என்னைப் பத்தி வந்ததெல்லாம் இதுல இருக்கு. நாலு நாளா பிரிக்கப் பயந்துக்கிட்டு உள்ளேயே வெச்சிருந்தேன்" என்றார். "இனிமே பிரிக்க வேண்டியதில்லை. அப்பா இப்போ எப்படி இருக்கார்?"