சாவியோடு போன துணிப்பை

குணாளன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு துணிப்பை தொங்கியது. ஆறு மாதமாகியும் அது கடைவீதியைப் பார்த்ததில்லை. அவர் தினமும் அதை மறந்துவிட்டுப் போவார். கை நிறைய பிளாஸ்டிக் கவர்களோடு திரும்புவார்.

ஒருநாள் அடுக்களை இழுப்பறைக்குள்ளிருந்து ஒரு கவர் முனகியது. “பை அண்ணே, இங்கே மூச்சு முட்டுது. இன்னும் நாலு பேர் வந்தா எங்கே உட்காருவாங்க? இன்னிக்கு நீங்க போங்களேன்.”

“அவர் கூப்பிட்டாத்தானே போக முடியும்?” என்றது பை வருத்தமாக.

பக்கத்து ஆணியிலிருந்த ஸ்கூட்டர் சாவி சிரித்தது. “என்னை அவர் மறக்கவே முடியாது. என் வளையத்தை உன் காதுல மாட்டிக்கோ.”

பை மாட்டிக்கொண்டது. குணாளன் சாவியை எடுத்தபோது பையும் கூடவே வந்தது. “அட, நீயும் வர்றியா?” என்று தோளில் போட்டுக்கொண்டார்.

காய்கறிக் கடைக்காரம்மா வழக்கம்போல ஒரு கவரை உதறினாள். பை வாயை அகலமாகத் திறந்து காட்டியது. கத்தரிக்காய், வெண்டைக்காய், பூசணிக்கீற்று எல்லாம் அதற்குள் போயின.

வீடு திரும்பியதும், “எத்தனை பேர் வந்திருக்காங்க?” என்று இழுப்பறை பயத்தோடு கேட்டது.

“ஒருத்தருமில்லை” என்றது பை.

உள்ளே கவர்கள் மெல்லக் கால் நீட்டிக்கொண்டன. குணாளன் பையைக் காலி செய்து, இனி மறக்காமலிருக்க, வாசலில் நின்ற ஸ்கூட்டரின் கொக்கியிலேயே கொண்டுபோய் மாட்டினார். பை அங்கிருந்தபடி தெருவை வேடிக்கை பார்த்தது.