பொதுச் சுவர்

சுண்ணாம்பு மறுபடியும் உரிந்து வந்தது.

அவன் கரண்டியால் சுரண்டினான். கரும்பூஞ்சை. அதற்கடியில் ஊறிப்போன செங்கல். விரலால் அழுத்தினால் நீர் கசிந்தது.

வால்பாறையில் மழை பிடித்தால் விடாது.

நாளை செல்வராணி ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். குழந்தையோடு.

மாதம் நிறையாமல் பிறந்த பெண். அழுதால் பூனைக்குட்டி முனகுவதுபோல இருக்கும். பெயர் வைக்க இருவருக்கும் இன்னும் துணிச்சல் வரவில்லை.

"குளிர் மட்டும் அண்டக் கூடாது" என்று நர்ஸ் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "வீட்டுல ஈரம் இல்லல்ல?"

இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்திருந்தான்.

வந்ததிலிருந்து ஓயவில்லை.

சாரல் அறையும் மேற்குச் சுவருக்கு வெளியே மரச்சட்டம் அடித்து, அதன்மேல் தகரம் அறைந்தான். நடுவில் காற்று போய்வரக் கொஞ்சம் இடம் விட்டான். சுவரடியில் தேங்கிய தண்ணீரை வாய்க்கால் வெட்டி ஓடவிட்டான். அடுப்புச் சூடு மேலே போய்விடாமல், கூரைக்கு அடியில் சாக்குகளைத் தைத்து இழுத்துக் கட்டினான்.

இந்த ஒரு சுவர்தான் அடங்கவில்லை.

இது பக்கத்து வீட்டுக்கும் பொதுவான சுவர். வரிசையாக ஒட்டிக் கட்டிய எஸ்டேட் லைன் வீடுகள் எல்லாமே அப்படித்தான். சுவருக்கு நேர் மேலே கூரை ஷீட் விரிசல் விட்டிருந்தது. விரிசல் அந்த வீட்டுப் பக்கத்தில். தண்ணீர் சுவருக்குள் இறங்கியது.

அது எஸ்தர் அக்காவின் வீடு. தனி ஆள். தேயிலை ஃபேக்டரியில் வேலை. போன கோடையில் குழாயடியில் செல்வராணியோடு சண்டை. வார்த்தை தடித்தது. குடம் உருண்டது. அதிலிருந்து பேச்சில்லை.

இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். ஆனாலும் பேச்சில்லை.

போய் நின்றான்.

"அக்கா, உங்க கூரைமேல ஏறணும். சுவரு ஊறுது. நாளைக்குப் பிள்ளை வருது."

அவள் அரிசியில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. முறத்தை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

பிறகு திரும்பினான்.

தன் வீட்டுப் பக்கமாகவே ஏணியைச் சாய்த்தான். சேற்றில் அடி நழுவியது. மறுபடி நிறுத்தினான். இரண்டாம் படியில் கால் வைத்தபோது ஏணி அசையாமல் நின்றது.

கீழே பார்த்தான். தலையில் பிளாஸ்டிக் தாளைக் கவிழ்த்துக்கொண்டு எஸ்தர் அக்கா.

"பாத்து ஏறு. பழைய ஷீட்டு. பலகையைப் போட்டு ஊர்ந்து போ."

போனான். முகட்டு மூடியைத் தூக்கி, விரிசலை மூடும்படி தகரத்தைச் செருகினான். கம்பியால் முறுக்கிக் கட்டினான். மழை சட்டைக்குள் இறங்கி முதுகில் ஓடியது.

இறங்கியதும் நன்றி சொல்ல வாயெடுத்தான்.

அதற்குள் அவள் கதவு சாத்தியிருந்தது.

மறுநாள் ஜீப் வந்தது.

செல்வராணி புதுத் தகரத்தைப் பார்த்தாள். சாக்குக் கூரையைப் பார்த்தாள். கடைசியில் சுவரைத் தொட்டாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"ஈரமாத்தான் இருக்கு."

"இனிமே தண்ணி இறங்காது. காஞ்சிரும்."

"இந்த மழையிலயா?"

அவன் கட்டிலை எதிர் மூலைக்கு இழுத்தான்.

குழந்தையை மாரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்தே இருந்தாள். அவன் அவளைச் சுற்றிப் போர்வையைச் செருகிக்கொண்டே இருந்தான்.

இரண்டொரு நாளில் சுவரில் ஓரிடம் காய்ந்து வெளுத்தது. தட்டு அளவு. அடுத்த நாள் தலையணை அளவு.

மேலிருந்து காய்ந்து வந்தால் புரிந்திருக்கும். இது கீழே, முழங்கால் உயரத்தில்.

கை வைத்தான்.

வெதுவெதுப்பு.

வெளியே வந்து பக்கத்து வீட்டைப் பார்த்தான். திறந்த கதவு வழியே புகை சுருண்டு வந்தது. பின்பக்க ஜன்னலடியில் இருந்த அடுப்பை எஸ்தர் அக்கா பொதுச் சுவரோரம் மாற்றிப் போட்டிருந்தாள். அங்கே புகை போக வழியில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து ஊதிக்கொண்டிருந்தாள்.

அவனைப் பார்த்தாள். பார்க்காததுபோல ஒரு விறகை உள்ளே தள்ளினாள்.

செல்வராணியிடம் சொன்னான்.

அவள் பால் கொடுத்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை குடித்து முடித்தும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலைக்கு நேரமாச்சு. நீங்க கிளம்புங்க."

மாலையில் அவன் திரும்பியபோதும் மழை.

கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினான்.

கட்டில் காலி.

குழந்தையின் போர்வையும் இல்லை.

ஆஸ்பத்திரி. வேறென்ன? யார் கொண்டுபோனார்கள்? ஜீப் கிடைத்ததா? தனக்கு ஏன் யாரும் ஆள் அனுப்பவில்லை? வாசலுக்குத் திரும்பினான்.

சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை தும்மியது.

"நூறு வயசு" என்றது எஸ்தர் அக்காவின் குரல். "தணலுதான் இருக்கு, புகையெல்லாம் போயிருச்சு. நல்லா கிட்ட உக்காரு ராணி."

செல்வராணி பதிலுக்கு ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். குழந்தை அழ ஆரம்பித்தது. செங்கல்லைத் தாண்டிக் கேட்கும் அழுகை.

அவன் நின்று கேட்டான்.

பிறகு வெளியே போய், சட்டையைக் கழற்றிப் பிழிந்தான். சேற்றுச் செருப்பைக் கழற்றி விட்டான்.

பக்கத்து வீட்டு வாசலில்.