மூடுபனியில் ஒரு கத்திரிக்காய்

சீனாவின் சிங்டாவோ துறைமுகத்தில் அன்று நீட்டிய கை தெரியாத மூடுபனி. வழிகாட்டி லுவான் யூச்சின் மஞ்சள் கொடியைத் தூக்கிப் பிடித்து, ஒன்றுமே தெரியாத இடத்தில் எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருந்தாள்.

“இந்தப் பக்கம் கலங்கரை விளக்கம். அந்தப் பக்கம் சிவப்பு ஓட்டு வீடுங்க. நேரா பாருங்க, கடல்!”

“நேரா பார்த்தா என் மூக்குதாம்மா தெரியுது,” என்றார் பெரியவர் தோவ். கான்சூ மலையிலிருந்து அவரோடு ஒன்றரை நாள் ரயிலில் வந்தவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அறுபத்தெட்டு வயதுவரை அவர் கடலைப் பார்த்ததில்லை. சாயங்காலமே ஊருக்கு ரயில்.

“ஊர்ல கேட்டா என்ன சொல்றது? கடல் கஞ்சி மாதிரி இருந்துச்சுன்னா?”

“சூடா இருந்துச்சான்னு கேப்பாங்க, மாமா!” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

சிரித்தாலும் லுவானுக்கு மனசு கேட்கவில்லை. எல்லோரையும் கைப்பிடிச் சுவரோரம் நிறுத்தி, எதிரே நின்று கைப்பேசியை உயர்த்தினாள். அங்கே படம் எடுக்கும்போது ‘கத்திரிக்காய்’ என்றுதான் சொல்வார்கள். அவர்கள் மொழியில் அதைச் சொன்னால் வாய் தானாகச் சிரித்துவிடும்.

“எங்கே, சொல்லுங்க!”

“கத்திரிக்காய்!”

படத்தில் பனி இல்லை. நீல வானம், கலங்கரை விளக்கம், சிவப்பு ஓடுகள், கண்ணுக்கெட்டிய வரை கடல். எல்லோரும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள்.

தோவ் கைப்பேசியைப் பிடுங்கித் துள்ளினார். “அடேயப்பா! நானும் கடலைப் பார்த்தாச்சு!” பிறகு படத்தின் நடுவில் விரலை வைத்தார். “நீயும் நல்லா விழுந்திருக்கேம்மா.”

நடுவில், மஞ்சள் கொடியோடு, வாய் நிறையக் கத்திரிக்காய் சொல்லிக்கொண்டு நின்றாள், படம் எடுத்த லுவான்.